வேலி போடச் சொல்கிறார்கள், எல்லையைச் சொல்வதில்லை

வேலி போடு என்றால் போட்டுவிடலாம். நாலைந்து கொங்கிறீட் தூண், ஒரு சுருள் முட்கம்பி, வீதிப் பக்கம் ஒரு வரிசை செம்பருத்தி. இறம்பொடைக் கடைவீதியில் தொழில் செய்கிற எவரும் இதற்கு மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வேலியை எந்த இடத்தில் போடுவது என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான் வைத்திருப்பது ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி அடிப்பது, படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது இதுதான் பிழைப்பு. கராஜ்காரர், மரக்காலைக்காரர், புளொக் கல் செய்கிறவர், மிளகாய் மில் வைத்திருக்கிறவர், கரட் கழுவிக் கொழும்புக்கு அனுப்புகிறவர் என்று எல்லோரும் லைசன் புதுப்பிக்கிற காலத்தில் பிரதேச சபையின் கடிதம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இல் சொல்லிவிட்டது. கடிதம் மட்டும் இன்னும் சிங்களத்தில்தான் வருகிறது. நான் வாசித்துச் சொல்ல வேண்டும், அவர்கள் என்னை முறைக்க வேண்டும், ஏதோ நானே அதை எழுதி அனுப்பியதைப் போல.

கடிதத்தில் இருப்பது எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். தொழிலிடத்துக்கு எல்லை வேலி வேண்டும். பழைய இரும்பும் மரத்தூளும் வீதியில் போகிறவர் கண்ணில் படக்கூடாது. முன்பக்கத்தில் புல்லோ பூச்செடியோ வளர்த்துப் பராமரிக்க வேண்டும். 14 நாளுக்குள் செய்து முடித்து அறிவிக்க வேண்டும்.

இது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பேராதனையிலிருந்து நுவரெலியா போகிற ஏ 5 வீதி நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. 109 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற இறம்பொடை அருவியைப் பார்க்க ஊரே வருகிறது. வெவண்டன் மலையில் இருக்கிற அனுமார் கோயிலுக்குப் பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிறது. அந்த வழியில் துருப்பிடித்த லொறிச் செசியைக் குப்புறப் போட்டு, அதன் மேல் பழைய டயரை அடுக்கி, கறுப்பு எண்ணெயைக் கானுக்குள் விடுகிறவனுக்குக் கடிதம் அனுப்பத்தான் வேண்டும். சட்டம் எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லையே, அதுதான் ஆத்திரம்.

மில் வைத்திருக்கிற மாமா ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவருடைய அப்பா காலத்தில் தோட்டத்தில் கேட்டு, வாய்ப் பேச்சில் வாங்கிய துண்டு அது. தகரக் கொட்டகை, இரண்டு மெஷின், ஒரு தராசு. வேலி போடு என்று கடிதம் வந்தது. சரி என்று தூணுக்குக் குழி வெட்டினார். வெட்டிய அன்றைக்கே தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. "வேலி போட்டா காணி ஒங்களதுன்னு ஆயிரும். தொரை போட வேணான்னுட்டாரு." குழியை மூடினார். வீதிப் பக்கமாவது நாலு செடி நடலாம் என்று செம்பருத்தி வைத்தார். அது பூக்கிற நேரம் பார்த்துக் கான் துப்புரவாக்க வந்த பெக்கோ மெஷின் அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. கேட்டதற்கு, "இது வீதிக்கு ஒதுக்கின எடம், இதுல ஒண்ணும் நட முடியாது" என்று பதில். அடுத்த கடிதம் வந்தது. வேலியும் இல்லை, செடியும் இல்லை, ஏன் என்று விளக்கம் தருக.

மாமா என் கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து சொன்னார்: "தம்பி, எனக்கு உறுதி இல்லங்கிறது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் வருசா வருசம் லைசன் காசு வாங்கினாங்க. இப்ப வேலின்னு வந்ததும் மட்டும் உறுதி எங்கன்னு கேக்குறாங்க."

உறுதி எங்கிருந்து வரும்? தோட்டக் காணிகள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டத்தால் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். குத்தகை 53 வருடம், 2045 வரைக்கும். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, கொட்டகை மாமாவுடையது. 2015க்குப் பிறகு வீட்டுக்கு 7 பேர்ச் என்று பேச்சு வந்தது, சில இடங்களில் வீடும் வந்தது. தொழில் செய்கிறவனுக்கு ஒரு பேர்ச் என்றுகூட யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. லயத்திலிருந்து வெளியே வா, சொந்தக் காலில் நில், தொழில் செய் என்று மேடையில் சொல்கிறார்கள். நிற்கிற இடத்துக்குக் காகிதம் கேட்டால் மேடையில் ஆளில்லை.

காகிதம் இருக்கிறவன் பாடாவது பரவாயில்லையா என்றால் அதுவும் இல்லை. கடைவீதியில் உறுதியோடு காணி வாங்கிய கராஜ்காரர் ஒருவர் மதில் கட்ட ஆசைப்பட்டார். மதில் கட்ட அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பிளான் வேண்டும். பிளானுக்கு லைசன் உள்ள சர்வேயர் வேண்டும். பிரதான வீதி என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லையைப் பார்க்க வேண்டும். ஏ தர வீதிக்கு நடுக்கோட்டிலிருந்து 50 அடி விட்டுத்தான் கட்டடம் என்று கணக்குச் சொல்வார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு சரி. இங்கே ஒரு பக்கம் 50 அடி அளந்தால் டேப் பள்ளத்தில் தொங்கும், மறுபக்கம் அளந்தால் மலைக்குள் முட்டும். வீதி ஓரத்து ஒட்டுத் துண்டில்தான் இந்தப் பஜாரே நிற்கிறது.

அதற்குப் பிறகு மண்சரிவு அனுமதி. நுவரெலியா மாவட்டத்தில் கட்டடம் கட்ட 2011இலிருந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அது நல்ல விதி, உயிர் காக்கிற விதி. பிறகு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். சிறு தொழில் என்றால் அதைப் பிரதேச சபையே கொடுக்கும், கொஞ்சம் பெரியது என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போக வேண்டும். வேலிக் கோட்டில் ஒரு மரம் நின்றால் அதை வெட்ட இன்னொரு அனுமதி. எல்லாம் முடிந்து கட்டினால் சீ.ஓ.சீ. என்கிற இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கேட்பது மற்ற மேசையின் கடிதத்தை. முதல் கடிதத்தை யார் தருவது என்பதுதான் இந்த விளையாட்டில் ஒருவருக்கும் தெரியாத ரகசியம்.

சரி, முறையிடலாம் என்றால் யாரிடம்? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் ஏறக்குறைய நாடு முழுக்கச் சபைகளில் மக்கள் தெரிவு செய்த ஒரு ஆள் இல்லை. உறுப்பினர் இருந்தால் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை ஏசிவிட்டாவது வரலாம். இன்னொன்றும் உண்டு. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கவே தடை இருந்தது. அந்தத் தடைக்குள்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். எங்களிடம் வசூலிக்கத் தடை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அந்தப் பெரிய ஸ்டோரப் பாருங்க, எவ்வளவு அழகா வச்சிருக்காங்க" என்று ஒரு உத்தியோகத்தர் மாமாவிடம் சொன்னார். பார்க்கிறோமே, தினமும் பார்க்கிறோம். லபுக்கலைப் பக்கம் தேயிலை ஸ்டோர்களில் வீதியோரம் புல் வெட்டிப் பூப்பாத்தி போட்டு, வாகனம் நிறுத்த இடம் விட்டு, வெள்ளைக்காரன் இறங்கிப் படம் எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தோட்டக்காரன் இருக்கிறான், சர்வேயர் இருக்கிறார், கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு ஆபீஸ் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லை போட்ட பிளான் இருக்கிறது. மாமாவுக்கு நான் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு போட்டோ கொப்பி மெஷின்.

இவ்வளவும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இனித்தான் வருகிறது. இந்தக் கடிதங்கள் எல்லாமே முன்பக்கத்தைப் பற்றியவை. வீதியில் போகிறவர் பார்க்கிற பக்கம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று முன் அறைக்கு மட்டும் வெள்ளையடிக்கிற வேலை. இந்த ஊரில் சாவு வருவது பின்பக்கத்திலிருந்து. கொட்டகைக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிவிட்ட மண். அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்குள்ளே அந்தக் காலத்தில் வெட்டிய கான்.

கான் எதற்கு என்று மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைத் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் இறங்காமல், தேங்கித் தேங்கி, மண்ணை விட்டுவிட்டு வழிவதற்கு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலிருந்து இருக்கிறது. சரிவில் கான் எப்படி வெட்டுவது, எப்போது தூர் வாருவது என்று அவர்கள் சொல்லாததா? மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. அப்போது கான் வெட்டத் தனியாக ஆள் போடுவார்கள். இப்போது ஆள் குறைவு, கான் தூர்ந்து கிடக்கிறது. தேயிலை கைவிட்ட இடத்தில் காடு ஏறுகிறது. தண்ணீர் தனக்கு வழி தேடி மாமாவின் மில்லுக்குள் வருகிறது. அந்தக் கானைத் தூர் வாரச் சொல்லி ஒரு கடிதம் யாருக்காவது போயிருந்தால், அதை நான் காசு வாங்காமல் கொப்பி அடித்துக் கொடுப்பேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில்தான் அதிகம். மலை சரிந்து வீதிகள் அடைபட்டன. அந்த மண் எந்தச் செம்பருத்தி வேலியையும் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. அதே வருடம் மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குப் போன பஸ் நம்ம இறம்பொடை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலைப்பாதையில் எந்த வேலி முதலில் வேண்டும் என்று அந்த விடியல் சொல்லிவிட்டது. இவ்வளவும் ஆன பிறகும் லைசன் காலம் வந்தால் அதே கடிதம், அதே செம்பருத்தி.

எங்கேயும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் நமக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். அங்கேயும் மலை, தேயிலை, மண்சரிவு. 1990இலேயே மலைப்பகுதிப் பாதுகாப்பு என்று தனி அமைப்பு வைத்து, அதைக் கேட்காமல் கட்டாதே என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஆட்கள் அலைகிறார்கள்தான். ஆனாலும் மலைக்கு ஒரு சட்டம், சமவெளிக்கு ஒரு சட்டம் என்ற புத்தியாவது இருக்கிறது. சிங்கப்பூரில் வீதியோரம் கட்டடம் கட்டுகிறவன் மரம் நட இடம் விட்டே ஆக வேண்டும், அதில் தயவு தாட்சணியம் கிடையாது. ஆனால் 2001இலிருந்து பிளானை ஒரே இடத்தில் கணினி வழியே கொடுத்தால் அது பல திணைக்களங்களுக்கும் போய்ச் சேர்கிறது. சட்டம் கடுமையாக இருப்பது தொல்லையே இல்லை. அதை எந்தக் கதவில் தட்டி நிறைவேற்றுவது என்று தெரியாமல் இருப்பதுதான் தொல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலாவது, வேலி போடு என்று கடிதம் அனுப்புவதற்கு முன்னால் சபை ஆளும், வீதி ஆளும், தோட்டத்து ஆளும், கிராம சேவகரும் ஒரே நாளில் ஒன்றாக வந்து, இதோ இதுதான் கோடு என்று நாலு முளை அடித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோட்டில் வேலி போட்டால் காணிக்கு உரிமை கோரியதாக ஆகாது என்று தோட்டம் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது, பூச்செடிக் கணக்கில் வெட்டிவேரையும் சேர்த்துக்கொள்ளட்டும். வீதிப் பக்கம் நடுகிற குரோட்டன்ஸைவிடப் பின்சரிவில் நடுகிற வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும். மூன்றாவது, முன்னால் மதில் கட்ட முடிந்த காசு வைத்திருக்கிறவனிடம் அந்தக் காசில் பின்னால் தாங்கு சுவர் கட்டு, கானைத் திருத்து, முன்னால் மூங்கில் தட்டி போதும் என்று சொல்லட்டும். அதையும் இணங்கி நடந்ததாகக் கணக்கு வைக்கட்டும். சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இதில் பாதியைச் செய்யலாம் என்றே நினைக்கிறேன். செய்ய வேண்டியதெல்லாம் அந்த நாலு பேரும் ஒரு ஜீப்பில் ஏறுவதுதான்.

இப்போதைக்கு மாமாவின் கடிதத்துக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். "தங்கள் அறிவுறுத்தலின்படி வேலி அமைக்க ஆயத்தமாக உள்ளேன். அமைக்க வேண்டிய இடத்தைக் காட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பணிவுடன் என்பதை வெட்டிவிடு என்று மாமா சொல்கிறார். நான் வெட்டவில்லை. ஆனால் இந்த முறை ஒரே கடிதத்தில் நாலு அலுவலகத்தின் பெயரையும் மேலே போட்டு, யார் யாருக்குப் பிரதி போகிறது என்று கீழே வரிசையாக எழுதி, நாலையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். ஒருவருக்குத் தெரியாது என்று இன்னொருவர் இனிச் சொல்ல முடியாதல்லவா!