அவனோடு விளையாடாதே!

“அவனோடு விளையாடாதே!” - இந்த வார்த்தையைக் குழந்தையிடம் ஒரு தடவையாவது சொல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம்? எதிர்வீட்டுப் பையன் கெட்ட வார்த்தை பேசுகிறான் என்போம். மூக்கு ஒழுகுகிறது என்போம். நிஜக் காரணம், நமக்கும் அவன் அம்மாவுக்கும் குழாயடியில் நடந்த சண்டையாக இருக்கும். நாம் சொல்லி வாய் மூடுமுன் இரண்டு பேரும் தெருக்கோடியில் கோலி ஆடிக்கொண்டிருப்பார்கள். அத்தோடு விஷயம் தீர்ந்தது.

ஆனால், ஒரு மாகாணமே சேர்ந்து தன் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால்?

1955-ஆம் வருஷம் அமெரிக்காவில் நடந்த ஒரு பந்தாட்டக் கதையைச் சொல்லப் போகிறேன். “பந்தாட்டமா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாய்மார்களுக்கு இதில் நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

அமெரிக்கர்கள் ‘புட்பால்’ என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. பந்து கோழிமுட்டை மாதிரி நீண்டிருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும்; எதிர்க்கட்சிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். தப்பித்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. பெரிய சர்வகலாசாலைகள் மட்டுமல்ல, ஜூனியர் காலேஜ்களும் இதை வெறியோடு ஆடுகின்றன. ஜூனியர் காலேஜ் என்றால் இரண்டு வருஷப் படிப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் படித்துவிட்டு, வேண்டுமானால் பிறகு பெரிய இடத்துக்குப் போகலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

இந்தச் சின்னக் காலேஜ்களுக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. கலிபோர்னியாவில் பாஸடேனா நகரத்தில் ‘ரோஸ் பௌல்’ என்று பிரசித்தி பெற்ற மைதானம் இருக்கிறது. அங்கே 1946 முதல் டிசம்பர் மாதத்தில் ‘ஜூனியர் ரோஸ் பௌல்’ பந்தயம் நடந்து வந்தது. ஒரு பக்கம் கலிபோர்னியாவின் சிறந்த ஜூனியர் காலேஜ். மறு பக்கம், நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு கோஷ்டி.

1955-இல் கலிபோர்னியாவின் சார்பில் நின்றது லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகிலுள்ள காம்ப்டன் காலேஜ். அழைப்புப் போனது, தெற்கே மிஸிஸிப்பி மாகாணத்தில் எல்லிஸ்வில் என்ற சிற்றூரில் இருந்த ஜோன்ஸ் கவுண்டி ஜூனியர் காலேஜுக்கு. அந்தப் பையன்களுக்குக் கால் தரையில் பாவியிருக்குமா?

இங்கேதான் சிக்கல். காம்ப்டன் கோஷ்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். மிஸிஸிப்பியிலோ பள்ளிக்கூடம் தனி, பஸ்ஸில் இடம் தனி, தண்ணீர்க் குழாய்கூடத் தனி. ஜோன்ஸ் காலேஜில் அன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள்.

அது எப்பேர்ப்பட்ட வருஷம் தெரியுமா? அந்த ஆகஸ்டில்தான், சிகாகோவிலிருந்து மிஸிஸிப்பியில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். “என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும்” என்று அவன் தாயார் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தாள். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் செப்டம்பரில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். டிசம்பர் முதல் தேதி, பக்கத்து அலபாமா மாகாணத்தில் ரோஸா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணி, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். டிசம்பர் 5-ஆம் தேதி அங்கே பஸ் பகிஷ்காரம் தொடங்கியது.

அதற்கு ஆறாம் நாள், டிசம்பர் 10, சனிக்கிழமை. அன்றுதான் பாஸடேனாவில் பந்தயம்!

“கறுப்பர்களோடு ஆடவா போகிறீர்கள்?” என்று மிஸிஸிப்பியில் பத்திரிகையிலும் அரசியல் வட்டாரத்திலும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் காலேஜ் பின்வாங்கவில்லை. பையன்கள் புறப்பட்டுப் போனார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு முன்னால் ஆடினார்கள். காம்ப்டன் 22, ஜோன்ஸ் 13. காம்ப்டன் ஜெயித்தது.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. வானம் இடிந்து விழவில்லை. பூமி பிளக்கவில்லை. கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் ஒரே பந்துக்காக இழுபறி போட்டன; ஒரே புழுதியில் புரண்டு எழுந்தன. தோற்ற பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். எல்லாப் பந்தயமும் முடிகிற மாதிரிதான் இதுவும் முடிந்தது.

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? பெரியவர்கள் பயந்தது இதற்குத்தான். ஏதாவது விபரீதம் நடந்திருந்தால் “பார்த்தீர்களா, அப்பவே சொன்னோமே!” என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லையே! அதுதான் அவர்களுக்கு ஆபத்தாகப் பட்டது. தடுப்புச் சுவர் இல்லாமலும் பிள்ளைகள் ஆடலாம் என்று தெரிந்துவிட்டால், சுவர் எதற்கு என்று ஒருவன் கேட்பானே!

அதனால் சுவரை இன்னும் உயர்த்தினார்கள். இரு இனமும் கலந்த கோஷ்டியோடு ஆடும் காலேஜுக்குச் சர்க்கார் பணம் கிடைக்காது என்று சட்டசபைக்காரர்கள் பயமுறுத்தினார்கள். ஏட்டில் எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டத்தையாவது கோர்ட்டில் எதிர்த்து வாதாடலாம். எழுதாததை எங்கே போய் வாதாடுவது? மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலையின் கூடைப்பந்துக் கோஷ்டி 1959, 1961, 1962 ஆகிய மூன்று வருஷங்களிலும் தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றும், தேசியப் போட்டிக்குப் போகாமல் வீட்டோடு உட்கார்ந்திருந்தது.

1963-இல் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. புறப்படக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. உத்தரவு கைக்கு வருமுன் பயிற்சியாளர் மாகாண எல்லையைத் தாண்டிவிட்டார். கோஷ்டியும் விமானம் ஏறிவிட்டது. மார்ச் 15-ஆம் தேதி மிச்சிகனில், கறுப்பின வீரர்கள் நிறைந்த சிகாகோ லயோலா கோஷ்டியோடு ஆடி 61-51 என்று தோற்றார்கள். ஆனால் ஆட்டம் துவங்குமுன் இரண்டு தலைவர்களும் கைகுலுக்கினார்களே, அப்போது சுற்றிலும் காமிராக்கள் மின்னி மின்னி அணைந்தன. வெறும் கைகுலுக்கல்! அதைப் படம் பிடிக்க அத்தனை போட்டி என்றால், அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

1955-இல் பாஸடேனாவில் ஆடிய பையன்களின் பெயர் சரித்திரப் புத்தகத்தில் பெரிதாக இல்லை. அவர்கள் புரட்சி செய்யப் போகவில்லை. பந்தாடப் போனார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்குத்தான் போதவில்லை.

ஆகவே, நேயர்களே, “அவனோடு விளையாடாதே” என்று அடுத்த தடவை நாக்கு நுனிவரை வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். குறை அந்தப் பையனிடம் இருக்கிறதா, குழாயடியில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் இரண்டு பேரும் கோலியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஓடட்டுமே!