பேரைச் சட்டையில் குத்திக்கொண்டு போனவர்

போன இதழில் யாசர் அராபத்தின் வாழ்க்கையைப் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தோம். கடிதம் எழுதியவர்களைவிட நேரில் வந்து சண்டை பிடித்தவர்கள்தான் அதிகம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தோழர் ஒருவர் நல்லூர் வாசிப்பு வட்டத்தில் நேரடியாகவே கேட்டார்: “ஏனுங்ணா, காசாவுல குண்டு போடறது அக்கிரமந்தான். ஊர்வலத்துக்கு நாங்களும் வந்தோம். ஆனா நம்ம பத்திரிகையில நம்ம தலைவருங்களுக்கே எடம் பத்தலையே, அந்தாளுக்கு எதுக்குங்ணா நாலு பக்கம்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக இந்தத் தலையங்கத்தில் நம்முடைய தலைவர் ஒருவரைப் பற்றியே எழுதுகிறேன். இரட்டைமலை சீனிவாசன். ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது பாலஸ்தீனம் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. நான் இழுத்துக்கொண்டு வரவில்லை.

1860ஐ ஒட்டிச் செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். அவர் படித்ததோ நம்ம கோயம்புத்தூரில். இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தக் கலாசாலையில் நானூறு மாணவர்கள் இருந்தார்கள், அதில் பத்துப் பேரைத் தவிர அத்தனை பேரும் பார்ப்பனர்கள் என்று தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். விளையாடப் போனால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று வரும். அதனால் விளையாடவே போகவில்லை. மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பாராம். மணி அடித்தபின் உள்ளே போவாராம். விட்டதும் யாரும் பிடித்து நிறுத்திப் பேசுவதற்குள் வீட்டுக்கு விரைந்துவிடுவாராம். 1939இல் அச்சான சிறு புத்தகம் அது. படிக்கிற நம் மாணவத் தோழர்கள் யாருக்கும் இதற்கு உரை தேவைப்படாது. ஹாஸ்டலிலும் கல்லூரியிலும் இன்றைக்கும் இதைச் செய்துகொண்டுதானே இருக்கிறோம்.

அப்படி ஒளிந்து படித்த பையன் நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதிப் பிழைத்தான். பிறகு சென்னைக்கு வந்து 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினான். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையும் தொடங்கினான். நாலே பக்கம். அதற்கு வைத்த பேர் ‘பறையன்’.

எந்தப் பேர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து கலாசாலை வாசலில் மணிக்காகக் காத்திருந்தாரோ, அதே பேரை எடுத்துக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டார். முதல் இதழ் இரண்டே நாளில் நானூறு பிரதி போனதாம். கலாசாலையிலும் நானூறு பேர், இங்கேயும் நானூறு பிரதி. இதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி அமைந்துவிட்டது. ஏழு வருஷம் பத்திரிகை நடந்தது. 1896இல் வழக்குப் போட்டு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தக் காலத்து நூறு ரூபாய்!

அந்தப் பேரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதரே ஏற்கவில்லை. அது எதிரி நமக்கு வைத்த பேர், அதை நாமே சுமக்கக் கூடாது என்பது பண்டிதரின் கட்சி. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பேர் வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் பேசி ‘ஆதி திராவிடர்’ என்பதை அரசாணையாக்கினார். மூன்று பேர், மூன்று வழி. இதில் எது சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் விடிய விடியப் பேசுகிறோம். என்னைக் கேட்டால் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தன. எங்களுக்கு என்ன பேர் என்பதை நாங்கள் சொல்வோம், நீ சொல்லாதே என்று மூன்று பேருமே சொன்னார்கள்.

சீனிவாசன்மீது ஒரு பழி உண்டு. வெள்ளைக்காரனுக்கு மனுப் போட்டே காலம் கழித்தவர், ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களை வாங்கிக்கொண்டவர் என்று தேசியவாதிகள் இன்றும் எழுதுகிறார்கள். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் அதை எதிர்த்து 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீளத்துக்கு மனு ஒட்டி லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். துரோகமா இது? அன்றைக்குப் பரீட்சையை இங்கே வைத்தால் யார் எழுதுவார்கள், யார் கலெக்டராக வந்து சேரியில் நிற்பார்கள் என்று கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அந்த மனுவுக்குப் பின்னால் அந்தப் பத்துப் பேர் கணக்கு இருக்கிறது. பட்டங்களைப் பற்றி எனக்கும் சங்கடம் உண்டு. அதற்காக மனுவைத் தூக்கி எறிய முடியாது.

1900இல் லண்டன் போவதற்காகக் கிளம்பியவர் ஆப்பிரிக்காவில் இறங்கி, அங்கேயே இருபது வருஷம் தங்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது இவர்தான் என்பார்கள். பின்னால் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊர் திரும்பி, 1923இலிருந்து சென்னைச் சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான் பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே வருஷம். பள்ளிப் பாடத்தில் வைக்கம் வருகிறது, இது வருவதில்லை.

அடுத்து லண்டன். 1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் இரண்டு பேர்: அம்பேத்கர், சீனிவாசன். அம்பேத்கருக்கு வயது முப்பத்தொன்பது, இவருக்கு எழுபது. இருவரும் சேர்ந்து கொடுத்த மனுவில் சமக் குடியுரிமையும் சட்டசபை இடமும் மட்டும் இல்லை. சமூகப் பகிஷ்காரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு என்பதும் இருந்தது. கடையில் சாமான் கொடுக்காதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போடுவதைக் கொங்கு நாட்டில் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

அங்கே மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்திக்கப் போனபோது இவர் சட்டையில் ஒரு அட்டை குத்தியிருந்தார்: இரட்டைமலை சீனிவாசன், பறையன், தீண்டத்தகாதவன். மன்னர் கை நீட்டினார், இவர் கொடுக்கவில்லை, தீண்டாமை என்றால் என்னவென்று விளக்கினார் என்று ஒரு வகையாகச் சொல்கிறார்கள். மன்னர் கேட்டார், தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிடமாட்டார்கள் என்று இவர் சொன்னார் என்று இன்னொரு வகை. எது எப்படியோ, அட்டையைப் பற்றி இரண்டு பேச்சில்லை. கோயம்புத்தூரில் ஊர் பேரைச் சொல்லப் பயந்த பிள்ளை, எழுபது வயதில் ராஜா முன்னால் அதைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது.

மாநாடு நடந்த இடம் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை. ஒன்பது வருஷம் கழித்து, 1939 பிப்ரவரியில், அதே அரண்மனையில் பிரிட்டிஷார் இன்னொரு மாநாடு போட்டார்கள், பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று. அரபுப் பிரதிநிதிகள் சியோனிஸ்டுகளோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தார்கள். இருவரும் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்து போனார்கள். அதே அரண்மனை, அதே எஜமானன்.

பாலஸ்தீனர்களின் பிரச்சினையும் பேரிலிருந்துதான் தொடங்கியது. 1917 நவம்பர் 2ஆம் தேதி பால்ஃபர் பிரகடனம் வந்தபோது அந்த மண்ணில் பத்தில் ஒன்பது பேர் அரபு மக்கள். பிரகடனத்தில் அவர்களுக்குப் பேரே கிடையாது. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று எழுதிவிட்டார்கள். அல்லாதவர்கள்! நம்மை வருணம் அல்லாதவர்கள், அவர்ணர், ஐந்தாமவர், பஞ்சமர் என்று எழுதிய கையும் இதுவும் வேறு வேறா? 1967 போருக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்புச் சபை போட்ட 242ஆம் தீர்மானத்திலும் ‘அகதிகள் பிரச்சினை’ என்றுதான் இருக்கிறது, பாலஸ்தீனர் என்ற சொல் இல்லை. பாலஸ்தீனர் என்று யாரும் இல்லவே இல்லை என்று 1969இல் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் பேட்டி கொடுத்தார்.

அராபத்தின் அரசியல் வாழ்க்கை முழுவதும் இந்த ‘இல்லை’க்குப் பதில் சொன்னதுதான். குவைத்தில் எஞ்சினியர் வேலை பார்த்துக்கொண்டே 1950களின் கடைசியில் ஃபதா இயக்கத்தைக் கட்டினார். 1969இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவரானார். 1974 நவம்பர் 13இல் ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். தலையில் அந்தக் கட்டம் போட்ட துணி, கஃபியா. அது பாலஸ்தீன விவசாயியின் தலைத்துணி. துணியூர்க்காரர்களான நமக்கு அதன் கதை பிடிக்கும். 1936இலிருந்து 1939 வரை நடந்த கலகத்தில் கிராமத்து விவசாயிகள் போராளிகளாக நகரத்துக்குள் வந்தார்கள், தலைத்துணியை வைத்தே பட்டாளம் அடையாளம் கண்டு பிடித்தது. உடனே நகரத்துக் கனவான்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கஃபியா கட்ட வேண்டும் என்று 1938இல் கலகக்காரர்கள் உத்தரவு போட்டார்கள். விவசாயி தன் அடையாளத்தை மறைக்கவில்லை, ஊரே அவன் அடையாளத்தைக் கட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒருநாள் ஊர்த்தெரு முழுக்கச் சேரியின் அடையாளத்தைக் கட்டிக்கொண்டால்... சரி, விடுங்கள்.

பேரை வென்றபின் என்ன ஆனது என்பதிலும் இரண்டு கதைகளும் பக்கம் பக்கமாகப் போகின்றன. இதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் இடம். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது. காந்தி எரவாடாச் சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். சீனிவாசனும் கையெழுத்துப் போட்டார். 71 இடங்கள் 148 ஆயின, சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் அந்த 148 பேரில் யார் ஜெயிப்பது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது சாதி இந்துக்களின் ஓட்டு. முதற்கட்டத்தில் நம் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பொது ஓட்டில் தோற்ற கதையை 1946 தேர்தலில் பார்த்தோம். அதைப் பார்க்கச் சீனிவாசன் இல்லை, 1945 செப்டம்பர் 18இல் காலமாகிவிட்டார்.

1993 செப்டம்பரில் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்று அராபத்தின் இயக்கத்தை இஸ்ரேல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. பேர் கிடைத்தது. நிலம்? அன்றைக்கு மேற்குக் கரையில் இஸ்ரேலியக் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். இன்றைக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். அராபத் ரமல்லாவில் பீரங்கி வண்டிகள் சூழ அடைபட்டுக் கிடந்து, 2004 நவம்பர் 11இல் பாரிஸ் ஆஸ்பத்திரியில் இறந்தார். 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவில் நடந்த அழிப்பை நான் இங்கே திரும்ப எழுதவில்லை. செல்போனில் எல்லோரும் பார்த்தோம்.

கையெழுத்துப் போட்டதற்காக இருவரையும் திட்டுவது சுலபம். எதிரில் ஒருவர் சாகக் கிடக்கிறார், அவர் செத்தால் சேரிகள் எரியும் என்ற நிலையில் நீட்டப்பட்ட பேனாவை யார் மறுத்திருப்பார்கள்? எங்கள் பிரதிநிதி நாங்கள்தான் என்று சொல்லும் உரிமையை வாங்குவது ஒரு போராட்டம். அந்தப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதும் திருப்பிக் கூப்பிடுவதும் நம் கையில் இருக்க வேண்டும் என்பது அடுத்த போராட்டம். சீனிவாசனின் தலைமுறை முதலாவதை முடித்துக் கொடுத்தது. இரண்டாவது நம் தலையில் கிடக்கிறது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. யாருக்குக் கும்பிடு போடுகிறார் என்று பார்த்தால் தெரியும்.

நம்ம பகுதிக்கு வருகிறேன். இங்கே அருந்ததியர் தோழர்களிடம் பேர் என்றால் என்னவென்று கேளுங்கள். ஊர்க்காரர் வாயில் வசவாக வரும் பேர் ஒன்று, தாங்களே எடுத்துக்கொண்ட பேர் ஒன்று. 2009இல் மூன்று சதவீத உள் ஒதுக்கீடு எழுதப்பட்டது இரண்டாவது பேரில்தான். 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பாலஸ்தீனத்தில் காலனி என்றால் பிடுங்கிய நிலத்தில் குடியேறியவன் கட்டியது. தமிழ்நாட்டில் காலனி என்றால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் குடியிருப்பது. தமிழனின் சொல் சாமர்த்தியம் அப்படி. பலகையில் சொல் போகும், ஆனால் காங்கேயம் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு ரூம் கேட்டுப் போனால் “தம்பி எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?” என்கிற கேள்வி போகவில்லை. அந்த இடத்தில் வேறு பேர் சொல்லி ரூம் பிடித்த தோழரை நான் குறை சொல்ல மாட்டேன். தங்குவதற்கு இடம் வேண்டும், ஷிப்டுக்குப் போக வேண்டும். சீனிவாசனும் பள்ளி மணிக்காக வெளியில் காத்திருந்தவர்தான். ஆனால் அவர் தனியாகக் காத்திருந்தார், நாம் அப்படி இல்லை. ஒருவர் பொய் சொல்லிப் பிடித்த ரூமைவிட, முப்பது பேர் சேர்ந்து போய் நாங்கள் இன்னார் என்று சொல்லிக் கேட்கிற ரூம் வேறு மாதிரி. வீட்டுக்காரர் கொடுக்க மாட்டேன் என்றால், எதனால் என்று அவர் வாயால் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு சாயங்காலம், ஷிப்டு முடிந்த பிறகு, நல்லூரில் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தை முழுதாக உரக்கப் படிக்கப் போகிறோம். சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் முடியும். ரூம் மறுக்கப்பட்டவர்கள் தேதி, தெரு, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அதையும் அங்கேயே படிப்போம்.

— ஆசிரியர்