காய் எடுக்கப் போயிருக்கு

‘அம்மா காய் எடுக்கப் போயிருக்கு.’ தேனி மாவட்டக் குரங்கணிப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் இயல்பாகச் சொல்லும் வாக்கியம் இது. அந்த மலையடிவாரத்தில் காய் என்றால் ஏலக்காய்தான். விடியுமுன் ஜீப்பில் ஏறி மேலே தோட்டத்துக்குப் போகிறவர்களின் நாள் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் இப்படி எத்தனையோ வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நோட்டில் ஏறாமலே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட முடியும் என்பதுதான் நம் தொடக்கப் பள்ளிகளின் பெருங்குறை. பார்த்து எழுதுவது, சொல்வதை எழுதுவது, கோடிட்ட இடத்தை நிரப்புவது, பாடத்தில் அடிக்கோடிட்ட வரியை விடையாக எழுதுவது என்று பிள்ளையின் கை ஓயாமல் வேலை செய்கிறது. எழுதப்படுவதோ எப்போதும் அடுத்தவர் வாக்கியம். முதல் வகுப்பிலிருந்தே பிள்ளை தன் வாக்கியத்தை எழுத வேண்டும்; வாசிப்பும் அதிலிருந்துதான் வலுப்பெறும்.

வாசிப்பின் நிலை நமக்குத் தெரியாததல்ல. அசர் என்னும் கல்வி நிலை ஆய்வு 2022-ல் கண்டபடி, தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 பேருக்கும் குறைவு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் காயம் அது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து, ஆடல் பாடலோடு எழுத்தைக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டது. 2024-ல் அந்த எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆசிரியர்களின் உழைப்பை இதில் மனமாரப் பாராட்டியாக வேண்டும். ஆனால் வாசிப்பில் அசர் அளப்பது எழுத்து, சொல், பத்தி, கதை ஆகியவற்றை வாய்விட்டு வாசிக்கும் திறனை. பிள்ளை சொந்தமாக எதையாவது எழுதுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அளக்கப்படாதது வகுப்பறையிலும் பின்தங்கிப் போகிறது. வாய்விட்டு வாசிப்பது மட்டும் வாசிப்பாகிவிடாது. ஏலத்தோட்டத்துப் பூச்சிமருந்துப் புட்டியில் இருக்கும் எச்சரிக்கையைப் படபடவென்று வாசித்துவிட்டு, என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியாமல் நிற்கிறவரை வாசிக்கத் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 247 எழுத்துகளைப் பெரிய சுமையாகச் சொல்வார்கள். உயிரும் மெய்யும் சேரும் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் அந்தச் சுமை பாதியாகிவிடும். பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பிள்ளையை உண்மையில் அயரவைக்கிறது. ‘மழ பேஞ்சுச்சு’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘மழை பெய்தது’ என்பது கிட்டத்தட்டப் புது மொழி. அதே மலையில் உள்ள முதுவாக்குடியின் முதுவர் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சே வேறு என்பதால் தூரம் இன்னும் கூடுகிறது. ‘போயிருக்கு’ என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துப் ‘போயிருக்கிறார்’ என்று திருத்தும்போது, இலக்கணத்தோடு சேர்ந்து, தன் வீட்டுப் பேச்சு எழுத்துக்கு ஆகாது என்பதையும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் இதற்கு நேர்மாறான வழியில் போனார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் எழுதியதே வகுப்பின் வாசிப்புப் பாடமானது. 1963-ல் வெளியான ‘டீச்சர்’ நூலில் அதை விரிவாகப் பதிவும் செய்தார்.

இப்படி விட்டால் பிள்ளைகள் நல்ல தமிழ் பழகாமலே போய்விடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஏழைப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் கட்டாயம் வேண்டும். மனு எழுதவும் தேர்வெழுதவும் அதுதான் கைகொடுக்கும். கேள்வி, எது முதலில் என்பதுதான். தான் எழுதிய ‘போயிருக்கு’வுக்குப் பக்கத்தில் ‘போயிருக்கிறார்’ என்பதை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டின் வேறுபாடும் புரியும், எதை எங்கே எழுதுவது என்பதும் புரியும். எழுதியது அடித்துத் திருத்தப்பட்ட பிள்ளைக்குத் தப்பு என்பது மட்டுமே மிஞ்சும். ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்பையும் பார்க்கும் மலைப்பள்ளியில் இதற்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். பயிற்சி நூலின் பக்கங்களை முடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களின் கேள்வி இது, லேசாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் இதை ஆசிரியர் தலையில் கூடுதல் வேலையாக ஏற்றாமல், நிரப்பும் பக்கங்களில் சிலவற்றைக் குறைத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். செலவு ஒரு நோட்டும் பென்சிலும்தான். காய் எடுப்பு, உலர்த்தும் ஸ்டோரில் காய் உலரும் வாசம், கொட்டகுடி ஆற்றில் வந்த வெள்ளம் என்று பிள்ளைகள் எழுதியதைத் தைத்து வைத்தால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு அதுவே வாசிப்புப் புத்தகம். பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர் பயிற்சி நூலைப் புரட்டுவதற்கு முன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.