பால்குடி மறக்காத குட்டியைப் பறிக்காதீர்கள்

நம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மூன்று வயது சரியா, மூன்றரை சரியா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். முதல் நாள் வகுப்பு வாசலில் அது அழுதால் நாமும் சேர்ந்து அழுகிறோம். அதே நாம்தான், கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத பூனைக்குட்டியைச் செருப்பு டப்பாவில் போட்டு, "பாப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு" என்று தூக்கி வருகிறோம். கொடுப்பவரும் பிள்ளை பெற்றவர், வாங்குபவரும் பிள்ளை பெற்றவர். இருவரையும் சேர்த்தே கேட்கிறேன்: அந்தக் குட்டி பிறந்து எத்தனை நாளாயிற்று என்று யாராவது விசாரித்தீர்களா?

கோடை விடுமுறை வந்தால் போதும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். மாடிப்படிக்கு அடியில் நான்கு குட்டிகள். "வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேன் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவார்." அது என்ன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு? நமக்கு லீவு என்பதைத் தவிர அதற்கு வேறென்ன காரணம்?

பிறக்கும்போது பூனைக்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கண் திறக்கவே 7 முதல் 14 நாளாகும். முதல் சில வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது; தாய் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தால்தான் உயிர். ஏறக்குறைய மூன்று வாரம் வரை, தாய் நக்கிவிட்டால்தான் மலஜலம்கூடக் கழியும். இறைவனிடம் அடைக்கலம் புகுவதை விளக்கத் தென்கலை வைணவர்கள் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். குரங்குக்குட்டியாவது தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்றார்கள். அத்தனை நிராதரவான ஓர் உயிரைத்தான் நாம் பரிசுப் பொருளாக்குகிறோம்.

நான்காவது வாரத்தில்தான் அது திட உணவை முகர்ந்து பார்க்கவே தொடங்கும். 8 வாரம் ஆகும்போது பால்குடி மறக்கும். அதற்குள் எடுத்து வந்து, கிண்ணத்தில் பசும்பாலை ஊற்றி, "குடி, குடி" என்று முகத்தைப் பிடித்து அழுத்துகிறோம். பூனைப் பாலில் உள்ள அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் கிடையாது. பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு எத்தனை நாள் பேதியைத் தாங்கும்? கடைசியில் பிள்ளையிடம், "பூனைக்குட்டி சாமிகிட்ட போயிடுச்சு" என்கிறோம். அது தானாகப் போகவில்லை. நாம்தான் அனுப்பினோம்.

பிழைத்துக்கொள்ளும் குட்டிகளின் கதையும் நன்றாக இருப்பதில்லை. கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி கற்கிறது. ஓங்கிக் கடித்தால் உடன்பிறப்பு கத்திக்கொண்டு விலகும், தாய் ஒரு தட்டுத் தட்டும். அந்தப் பாடத்தைப் படிக்காமல் வந்த குட்டி உங்கள் மகளின் கையில் படிக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார், ஏறக்குறைய 6,000 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 8 வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்த பூனைகளிடம் மூர்க்கம் கூடுதல் என்றும், 14 வாரத்துக்குப் பிறகு பிரிந்தவை அந்நியரிடம் சீறுவது குறைவு என்றும் அதில் தெரியவந்தது. எனவே 8 வாரம் என்பதைக் கடைசி வரம்பாகக் கொள்ளுங்கள். 12 வாரம் காத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குட்டி பிராண்டுகிறது, கடிக்கிறது. "பொல்லாத பூனை" என்று பெயர் வைக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் சாக்குப்பையில் கட்டி எங்கோ தெருமுனையில் விடுகிறோம். அதையும் பிள்ளைகள் கண்ணெதிரே செய்கிறோம். பசியும் தாகமுமாய்த் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், தொந்தரவு தரும் உயிரைத் தூக்கிப் போடலாம் என்றல்லவா பிள்ளை கற்றுக்கொள்கிறது? (பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் குழாய் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை.)

"சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். அதில் பாதிதான் உண்மை. மனிதக் கைக்குக் குட்டி நன்றாகப் பழகும் காலம் 2ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரம் வரை. அந்த வாரங்களில் தாயின் பக்கத்திலேயே இருக்கட்டும், நம் பிள்ளை போய்ப் பார்க்கட்டும். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து மெதுவாகத் தடவிக்கொடுத்துவிட்டு வரட்டும். காத்திருக்கவும் கற்றுக்கொள்ளும், குட்டியும் அதன் குரலையும் மணத்தையும் அறிந்துகொள்ளும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

குட்டிகளைக் கொடுப்பவர்களே, தாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருப்புக்கொள்ளாமல் அலைகிறவரைக் "குட்டி போட்ட பூனை மாதிரி" என்கிறோம். குட்டிகளைக் காணாத பூனை அறை அறையாகத் தேடிக் கத்துவதைக் கேட்டும், கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க நம்மால் எப்படி முடிகிறது? பால் சுரக்கும்போது எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் எடுத்தால் மடி கட்டிக்கொண்டு வீங்கும், புண்ணாகும். பால்குடி மறந்த பிறகு, சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் போடுவது, அதையும் போட்டே அனுப்புங்கள். தாய் படுத்த துணியில் ஒரு துண்டும், பழகிய உணவில் கொஞ்சமும் கூடவே போகட்டும்.

வாங்குபவர்களே, முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்தே எடுங்கள். வந்த அன்றே வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சாதீர்கள். ஒரே அறை, ஒரு மறைவிடம், மணல் தட்டு, தண்ணீர், உணவு போதும். கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் ஒளிந்திருந்தால் ஒளிந்திருக்கட்டும், தானாக வரும். தூங்குகிற குட்டியை எழுப்பக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பூனை 4 முதல் 6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சுமப்பது ஏறக்குறைய 9 வாரம்தான். பால் கொடுக்கும்போதே அடுத்த சூல் கொள்ளவும் கூடும். ஆண்டுதோறும் குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று தவிக்கிற நாம், தாய்க்குக் கருத்தடை செய்ய மட்டும் "பாவம்" என்று தயங்குகிறோம். சாக்குப்பையில் கட்டும்போது அந்தப் பாவம் எங்கே போயிற்று? குட்டிகள் பால்குடி மறந்து மடி வற்றியதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செலவு அதிகம் என்றால் குடியிருப்பில் நான்கு வீட்டார் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை பூனைக்குட்டி கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பிறந்த தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்து, 8 வாரம் எண்ணச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லையென்றால், தயவுசெய்து குட்டியை எடுக்காதீர்கள்.