ரத்தத்தில் ஊறியதா, கூலியில் ஊற்றியதா?

"ஒங்க ஜனங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறிப்போனதுப்பா. ஒண்ணும் பண்ண முடியாது."

ஈரல் கெட்டு, வயிறு வீங்கிக் கிடந்த என் அப்பனைக் காட்டி ஒரு டாக்டர் சொன்னது. நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வாயடைத்து நின்றேன். இப்போது சொல்கிறேன் பதில்.

முதலில் நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மரபணு என்று எவன் வாய் திறந்தாலும் 'பார்ப்பனப் பேச்சு' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அப்படி எழுந்து போவதால் உண்மை போய்விடாது. வியத்நாம் போர்க்காலத்தில் ராணுவத்திலிருந்த அமெரிக்க இரட்டையர்கள் மூவாயிரத்துச் சொச்சம் ஜோடிகளை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வந்தது. குடிக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 55 சதவீதமும், நிகோடினில் சுமார் 60 சதவீதமும் மரபணு சார்ந்தது என்றது அது. இரண்டுக்குமான மரபணுக் காரணங்கள் பெருமளவு ஒத்துப்போகின்றன என்றும் சொன்னது. ஆக, குடிக்கிறவன் கையில் பீடியும் இருப்பது வெறும் சேர்மானக் கோளாறு இல்லை.

சரி, அப்போ டாக்டர் சொன்னது சரிதானா? இல்லவே இல்லை.

'குடிகார மரபணு' என்று ஒன்று கிடையாது. 12 லட்சம் பேர் வரை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, குடிக்கும் புகைக்கும் தொடர்புள்ள 400-க்கும் மேற்பட்ட இடங்களை மரபுத்தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. அந்த 12 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளி. எந்தச் சேரிக்காரன் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு 'ஒங்க ஜனங்க' என்கிறார் இவர்?

சதவீதக் கணக்கிலும் சூது இருக்கிறது. ஒரே மூட்டை விதைநெல்லை எருப்போட்ட வயலில் பாதி, களரில் பாதி விதையுங்கள். ஒரே வயலுக்குள் ஒரு பயிர் உசரம், ஒரு பயிர் குட்டை என்றால் அது விதையின் வேலை. ரெண்டு வயலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்? அது மண்ணின் வேலை. 55 சதவீதம் என்பது ஒரு வயலுக்குள் எடுத்த கணக்கு. அதைத் தூக்கிவந்து ஊருக்கும் சேரிக்கும் நடுவே வைப்பது விஞ்ஞானமில்லை, சாதி. 1933-இல் நாஜிகள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டபோது கடுங்குடிகாரர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். இங்கே 1871-இலேயே வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். பிறப்பை வைத்து ஆளை நிறுக்கும் தராசு பழசு.

என் அப்பன் பன்னிரண்டு வயதில் ஊர்த்தெரு சாவுக்கு மோளம் அடிக்கப் போனவர். முதலில் சாராயம், அப்புறம் ஒரு கட்டு பீடி. கூலி பொணம் எடுத்த பிறகுதான், அதுவும் அவர்கள் மனசு வைத்தால். "குடிச்சாத்தான்டா அடி விழும்" என்று ஊற்றிக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வயதில் பால் சொம்பு. ஊத்தாத சாராயத்துக்கு எந்த மரபணு அடிமையாகும்? சொல்லுங்க டாக்டர்.

இதைப் பேசும் நம் மது ஒழிப்புக் கூட்டங்களில் பீடியைப் பற்றி ஒரு வரி உண்டா? பந்தலுக்குப் பின்னாடி புகை மண்டுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் போதை சிகிச்சைக்கு வந்த 845 பேரைப் பின்தொடர்ந்து 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்தவர்களில் பாதிப்பேரைக் கொன்றது புகையிலை நோய்; குடியால் செத்தது மூன்றில் ஒரு பங்கு. வாய், தொண்டைப் புற்றுக்கு ரெண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது.

என் அண்ணன் குடியை விட்டு ஒன்பது வருஷம். மறுவாழ்வு மையத்தில் சேர்த்தபோது, "பீடியாவது இருக்கட்டும் சார், பாவம்" என்று அவர்களே விட்டுவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். போன மாசம் தொண்டையில் புண் என்று வந்து நிற்கிறான். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.