போன வயதும் போகாத வாய்ப்பும்

ஐம்பதைத் தாண்டிய நம்மவர்கள் நாலு பேர் மைசூரில் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எப்படியும் "அந்த வயதில் மட்டும் படித்திருந்தால்..." என்பதில் வந்து நிற்கும். ஒருவர் பத்தாவதோடு நின்றவர். இன்னொருவர் பி.ஏ.யைப் பாதியில் விட்டவர். கூடக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் அதிகாரியாகி ஓய்வும் பெற்றுவிட்டான் என்று பெருமூச்சு விடுபவரும் உண்டு.

சோம்பலுக்குக் கிடைத்த கூலி இது என்று சிலர் சொல்கிறார்கள். அநியாயம்! பதினெட்டு வயதில் சேலத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ரயிலேறி வந்தவன், சம்பளத்தில் பாதியை ஊருக்கு மணியார்டர் அனுப்பினான். தங்கையின் கல்யாணக் கடனை அடைத்தான். மாலைக் கல்லூரிக்குப் போகவேண்டிய நேரத்தில் ஓவர்டைம் பார்த்தான். யாதவகிரியில் மோட்டார் சைக்கிள் செய்துவந்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டபோது, நடுவயதில் தெருவுக்கு வந்த தொழிலாளி என்ன குற்றம் செய்தான்?

அதே யாதவகிரியில்தான் ஆர்.கே. நாராயண் கட்டிய வீடு இருக்கிறது. 2016 முதல் அது அருங்காட்சியகம். சென்னையில் பிறந்த அந்தத் தமிழர், தலைமையாசிரியரின் மகனாக இருந்தும் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார். 1906-இல் பிறந்தவர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1930-இல். தோற்ற வருஷத்தை அவர் புத்தகம் படித்தே கழித்தார். தகப்பனார் சம்பாத்தியம் இருந்தது, கழிக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே குடும்பத்துக்காக விட்டதற்கு யாரும் தலைகுனிய வேண்டாம். ஆனால் இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் பழையதற்கு அழுவது எந்த நியாயம்? முப்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர், பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். வீட்டு வரி நோட்டீஸ் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். கன்னட எழுத்து நாற்பத்தொன்பதுதான். நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. பாதி மொழி ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது!

பட்டம்தான் வேண்டும் என்பவருக்கும் வழி அடைபடவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, 1996-இல் கர்நாடக மாநில திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இடையில் சில ஆண்டுகள் அதன் அங்கீகாரம் தடைபட்டு, 2018-இல் திரும்பக் கிடைத்தது. எதற்கும், பணம் கட்டுமுன் சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா, 2018-இல் தமது 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். நம் தெருவில் அறுபது வயதுக்காரர், "இனிமேல் எதற்கு?" என்கிறார். அவர் பேரன் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிறான். சாயங்காலம் அரைமணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். செலவு ஒன்றுமில்லை. பேரனுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும்.