பேச்சு யாருக்காக?

இக்காலத்தில் பிரசங்கம் செய்ய வருகின்றவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கம்ப்யூட்டரும் திரையும் கொண்டுவந்து, ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டியே பேசுகின்றார்கள். இதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் திரையில் எழுதுவது கேட்பவர்களுக்கு விளங்குவதற்காகவா, அல்லது பேசுகின்றவரின் மேதாவித்தனத்தைக் காட்டுவதற்காகவா என்றுதான் கேட்கின்றோம்.

இது ஏதோ சில்லறை விஷயமென்று யாரும் கருதிவிட வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம்.

2003-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி அமெரிக்காவிலிருந்து கொலம்பியா என்னும் விண்வெளி ஓடம் 7 பேருடன் கிளம்பிற்று. அவர்களில் ஒருவர் அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. கிளம்பிய சுமார் 82 வினாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து ஓடத்தின் இடது இறக்கையில் மோதிற்று. இதனால் ஆபத்துண்டா என்று பொறியாளர்கள் கணக்குப் பார்த்து, ஓடம் ஆகாயத்திலிருக்கும்போதே, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதிலொன்றின் தலைப்பு, பழைய பரிசோதனைகளைப் பார்த்தால் நம் கணக்கு ஆபத்தைக் கூட்டியே காட்டுகின்றது என்னும் தோரணையில் இருந்தது. அதாவது, பயமில்லை என்பதுபோல! ஆனால் உண்மை அடியிலே, பொடி எழுத்திலே கிடந்தது. பரிசோதித்த துண்டு 3 கன அங்குலம். மோதியதாக மதிப்பிட்டதோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு!

நெல்லிக்காய் விழுந்து ஓடு உடையவில்லை, ஆகவே பலாப்பழம் விழுந்தாலும் உடையாது என்று எந்தக் குடியானவராவது ஒப்புவாரா?

பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வருகையில், அடிபட்ட இறக்கை வழியாக அனல் புகுந்து ஓடம் சிதறி, 7 பேரும் மாண்டார்கள். ஸ்லைடுதான் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டதும் நிறைவேற்றப்படவில்லை. ஆனால் அவ்வருஷம் ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த ஸ்லைடைப் படிக்கும் மேலதிகாரிக்கு இது உயிராபத்து என்று தோன்றாமல் போவது சுலபமே என்று எடுத்துக்காட்டி, விவரமான அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் வழக்கத்தையும் கண்டித்தது.

ஆகவே, பேசப் புறப்படும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது:

கேட்பவர் எதை அவசியம் அறிய வேண்டுமோ அதையே தலைப்பாக எழுதுங்கள். “மோதியது பரிசோதித்ததைப்போல் 640 மடங்கு, ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரமில்லை” என்று தலைப்பிட்டிருந்தால் யாருக்குத்தான் விளங்கியிருக்காது? ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் போதும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எழுத்து தெரிய வேண்டும். எண்ணைச் சொன்னால், தெரிந்த பொருளோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். விவரம் மிகுந்தால் அச்சடித்துக் கையில் கொடுங்கள். திரையிலிருப்பதையே வரி வரியாய் வாசிப்பதானால், எழுத்தறிந்தவர்களுக்குப் பிரசங்கி எதற்கு? எழுத்தறியாதவர்களுக்குத் திரை எதற்கு? எல்லாவற்றிற்கும் மேலாக, உங்களுக்குத் தெரியாததை ஒளிக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கைதட்டல் பேச்சின் வெற்றிக்கு அளவல்ல. கேட்டவர் வீடு திரும்பி, அடுத்த வீட்டுக்காரரிடம் விஷயத்தைத் தம் சொந்த வார்த்தையில் சொல்லவும், “அது எப்படி?” என்று நம்மையே திருப்பிக் கேட்கவும் முடிந்தால், அதுவே வெற்றி. கேள்விக்கு இடங்கொடாத பேச்சு எவ்வளவு அலங்காரமானாலும் வெறும் சத்தமே என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.